சனிக்கிழமை வரை காத்திருக்குமா பிள்ளை?

வாசகர் கேள்வி பதில்

கைக்கும் வாய்க்குமாக ஓடும் வீடுகளில் வளரும் பிள்ளைகளின் பொறுமை, கவனம், ஞாபகம் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க. பையனுக்கு 5 வயசு. பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணுல பார்த்தாப் போதும், மூச்சு விடாம தின்னு முடிச்சுடுவான். "பாதியை நாளைக்கு வெச்சுக்கோ சாமி"ன்னா கேக்கறதில்லை. கோயமுத்தூர்ல எங்க நாத்தனார் பொண்ணுக்கும் அதே வயசுதான். ஒண்ணு தின்னுட்டு மீதியை டப்பாவுல போட்டு வெக்குது. அவங்க வசதியானவங்க. எங்க வளர்ப்புதான் சரியில்லீங்களா? (ஒரு தாய், திருப்பூர்)

வளர்ப்பு இருக்கட்டும். உங்கள் வீட்டில் இன்று டப்பாவில் வைத்த பிஸ்கட் நாளைக்கும் டப்பாவிலேயே இருக்குமா? லைன் வீட்டில் அண்ணன், பக்கத்து அறைப் பிள்ளைகள், எறும்பு என்று பங்காளிகள் அதிகம். இருக்காது என்றால் உங்கள் பையன் கணக்குத் தெரிந்தவன். இருக்கும்போதே தின்றுவிடுகிறான்.

பொறுமையை அளக்கும் பேர்போன சோதனை ஒன்று உண்டு. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் தொடங்கியது. பிள்ளைக்கு முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள் என்று 1990-ல் ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து இந்தக் கதையைச் சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் இல்லை. அந்த நர்சரியில் படித்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை மட்டும் மேடையில் விட்டுவிடுவார்கள். 2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர், பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். காத்திருப்புக்கும் பின்னாளையப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய அளவில் பாதிதான் தேறியது. குடும்பப் பின்னணியையும் சிறு வயதுத் திறனையும் கணக்கில் சேர்த்ததும், அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது இன்னொரு சோதனை. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் ஆளுக்குக் கொஞ்சம் தேய்ந்த கலர் பென்சில்களைக் கொடுத்து, "பொறு, நல்லது எடுத்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் சோதனை செய்பவர். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு குழுவிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னிச்சுக்கோ, தீர்ந்துபோச்சு" என்றார். ஸ்டிக்கரிலும் இதே கதை. அதற்குப் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழு சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது. ஏமாந்த குழு 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14-க்கு 9 பேர், இரண்டாம் குழுவில் 14-க்கு ஒரே ஒருவர். இரண்டே ஏமாற்றத்தில் இத்தனை வித்தியாசம்.

பணமில்லாத வீட்டில் பெற்றோர் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. "சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கித் தர்றேன் கண்ணு" என்பீர்கள். ஷிப்மென்ட் போகவில்லை, சம்பளம் திங்கட்கிழமைதான் என்று கம்பெனியில் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்குக் கம்பெனி தெரியாது, அம்மாவைத்தான் தெரியும்.

அதனால் பயிற்சி உங்களிடமிருந்து தொடங்கட்டும். 5 வயதுக்குச் சனிக்கிழமை என்பது கண்ணுக்கெட்டாத தூரம். முதல் வாரம், "குக்கர் மூணு விசில் வந்ததும் பிஸ்கட்" என்று சொல்லுங்கள். அவனே எண்ணட்டும். மூன்றாவது விசிலில் கையில் பிஸ்கட் இருக்க வேண்டும். "இரு, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்" என்றால் அந்த நாள் வீண். இரண்டாம் வாரம் "நான் துணி துவைச்சுட்டு வந்ததும்". மூன்றாம் வாரம் "ராத்திரி சாப்பிட்டதும்". அதற்கப்புறம்தான் "நாளைக்குக் காலையில". ஒரு படியில் பத்துக்கு ஒன்பது முறை சரியாக நடந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். அவனுக்கென்று மூடி உள்ள தனி டப்பா ஒன்று வேண்டும். அதில் இருப்பதை அண்ணனும் தொடக்கூடாது, வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பிள்ளைக்காக நீங்களும் எடுக்கக்கூடாது. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது. பெரியவர்கள் "ஒண்ணுதானே" என்று எடுத்துவிடுவார்கள்.

சனிக்கிழமைக் கணக்கு வருவதற்குத் தினக் காலண்டர் போதும். தினமும் அவன் கையாலேயே தாளைக் கிழிக்கட்டும். சனிக்கிழமைத் தாளில் வட்டம் போட்டு வையுங்கள். கம்பெனி கையில் இருக்கும் எதையும் வாக்காகக் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்: கதை, பூங்காவுக்கு நடை, 5 ரூபாய் பாக்கெட். தவறிப்போனால் அவன் கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே அன்று சாயங்காலமே சொல்லிவிட்டு, எந்த நாள் என்று காலண்டரில் வட்டத்தை மாற்றிப் போடுங்கள். பிள்ளையை அந்த நேரத்துக்கு வாயடைக்கச் சொல்லும் "அப்புறம்", "பார்க்கலாம்" இரண்டையும் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: தாராபுரம் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். "நோட்டை எடு, தேதி எழுது, 12-ஆம் பக்கம் மூன்றாவது கணக்கைப் போடு" என்றால் ஏழெட்டுப் பிள்ளைகள் நோட்டை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தி மந்தம் என்று எழுதுவதா? (ஓர் ஆசிரியை)

எழுதாதீர்கள். நீங்கள் சொன்னதில் நான்கு வேலைகள் இருக்கின்றன. முதல் வேலையைச் செய்யும்போதே மற்ற மூன்றும் மனதிலிருந்து நழுவிவிட்டன. செயல்நினைவு என்று சொல்லப்படுவது இதுதான். ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வது. இதோடு கைகோத்து நடப்பவை இரண்டு. கை தானாகப் போகும் இடத்திலிருந்து அதை இழுத்துப் பிடிப்பது ஒன்று. விதி மாறினால் நாமும் சட்டென்று மாறிக்கொள்வது மற்றொன்று. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இந்த மூன்றையும் நடத்துகிறது. அந்தப் பகுதி முதிர 25 வயது வரை ஆகும். மெதுவாக வளர்வதால், அடி வாங்கவும் அதற்கு நாள் அதிகம். தேறவும் நாள் அதிகம்.

வறுமை இதற்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு கேரி எவன்ஸ், மிஷெல் ஷாம்பர்க் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. சிறு வயதில் எத்தனை ஆண்டு வறுமையில் கழிந்ததோ, அந்த அளவுக்கு 17 வயதில் செயல்நினைவு குறைந்திருந்தது. இடையில், 9 வயதிலும் 13 வயதிலும், ரத்த அழுத்தம், மன அழுத்தச் சுரப்புகள் முதலியவற்றை அளந்திருந்தார்கள். வறுமைக்கும் ஞாபகத்துக்கும் நடுவே இருந்த கண்ணி பெரும்பாலும் அந்த அழுத்தம்தான். பிள்ளையின் உடம்பு ஓயாமல் உஷாராகவே இருந்தால், நிதானமாக யோசிக்கும் பகுதியை வேலை செய்ய விடுவதில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது: ஒரு சமயத்தில் ஒரு கட்டளை. அது முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்தது. மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கரும்பலகையின் ஓரத்தில் நோட்டு, தேதிக் கட்டம், 12 என்று மூன்று படம் போட்டு விடுங்கள். பிள்ளையையே ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்தால் பாதி நழுவல் நின்றுவிடும்.

அதோடு தினமும் 10 நிமிட விளையாட்டு. "தலை" என்றால் தலையைத் தொட வேண்டும், "கால்" என்றால் கால் விரலைத் தொட வேண்டும். முதல் வாரம் இவ்வளவுதான். இரண்டாம் வாரம் தலைகீழ்: "தலை" என்றால் காலைத் தொட வேண்டும், "கால்" என்றால் தலையை. மூன்றாம் வாரம் தோள், முட்டி இரண்டையும் சேர்த்து அவற்றையும் மாற்றுங்கள். நான்காம் வாரம், பாதியில் கைதட்டினால் பழைய விதிக்குத் திரும்ப வேண்டும். இதே வகை விளையாட்டுகளை வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், 8 வாரம் நடத்திய ஆய்வில், தொடக்கத்தில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே பலன் தெரிந்தது.

"தப்பு செஞ்சவன் அவுட்" என்ற விதியை மட்டும் எடுத்துவிடுங்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியேறி ஓரமாக உட்கார்ந்துவிடும். ஏற்கனவே நன்றாகச் செய்கிறவன் கடைசி வரை ஆடுவான். தப்பினால் ஒரு அடி பின்னால் போய் நின்று தொடர்ந்து ஆடட்டும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் பல்லாங்குழியை விடச் சிறந்த கருவி எங்களுக்குத் தெரியவில்லை. 14 குழி. வழக்கமாகக் குழிக்கு 5 அல்லது 6 போடுவார்கள், நீங்கள் 3 புளியங்கொட்டையில் தொடங்குங்கள். அள்ளுவதற்கு முன் பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "கடைசிக் கொட்டை எந்தக் குழியில விழும்?" விரல் வைத்து எண்ணாமல் சொல்ல வேண்டும். குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும் விதியும் இருக்கட்டும். தன் கை ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருக்க, கண் தன் குழிகளையெல்லாம் காவல் காக்க வேண்டும். ஞாபகம், அடக்கம், மாற்றி யோசிப்பது மூன்றுக்கும் ஒரே பலகையில் வேலை. குன்றிமணி வேண்டாம். மென்றுவிட்டால் விஷம்.

கேள்வி: பள்ளிபாளையத்துல வீட்டோடவே தறி. ரெண்டு ஷிப்ட்டும் ஓடும். பொண்ணு தறிச் சத்தத்துலயே வளர்ந்தவ, அது பாட்டுக்குத் தூங்கும், படிக்கும். ஆனா நாலாவது வந்தும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கறா. சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா? (ஒரு விசைத்தறிக்காரர்)

இருக்கிறது. சத்தம் பழகிவிட்டது என்று நாம் சொல்வதுதான் சிக்கலே. ஓயாத இரைச்சலில் வளரும் பிள்ளை, காதில் விழுவதைத் தள்ளிவிடப் பழகிக்கொள்கிறது. தறிச் சத்தத்தோடு சேர்த்து அம்மாவின் பேச்சும் டீச்சரின் குரலும் தள்ளப்பட்டுவிடும். ல, ள, ழ வித்தியாசம் காதில் பதியாத பிள்ளைக்கு எழுத்தில் அது எப்படி வரும்?

நியூயார்க்கில் ஒரு பள்ளியின் ஒரு பக்கத்தை ஒட்டி உயரப் பாலத்தில் ரயில் ஓடியது. அந்தப் பக்கத்து வகுப்பறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிடக் கிட்டத்தட்ட ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள் என்று 1975-ல் ஆர்லின் பிரான்சாஃப்ட் காட்டினார். பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தை போட்டு, வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் அட்டை அடித்தார்கள். அடுத்த அளவீட்டில் அந்த வித்தியாசம் இல்லை. பள்ளிக்கூடம் அதேதான், சத்தம்தான் குறைந்தது.

பொண்ணு படிக்கும் இடத்தில் ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே ஏறத்தாழ 85 டெசிபல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடம் படிக்க ஆகாது, தூங்கவும் ஆகாது. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் இருந்தாலும், சுவரின் மேல்மட்டத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் பெரும்பாதிச் சத்தம் வரும். முதலில் அதைச் செங்கல்லோ களிமண்ணோ வைத்து அடையுங்கள். கதவின் அடிச்சந்துக்குப் பழைய கோணிச் சாக்கைச் சுருட்டி வைக்கலாம். கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சுவரில் செலவு செய்வது வீண்.

படிப்புக்கு 40 நிமிடம் அமைதி கிடைத்தால் போதும். பாவு பிணைக்கத் தறியை நிறுத்தும் நாள், கரன்ட் போகும் நேரம், வார லீவு மூன்றையும் வாசிப்புக்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நாளில் நாலு வீடு தள்ளிக் கோயில் திண்ணை இருந்தால் அங்கே. அவளை எதிரில் உட்காரவைத்து, உதடு தெரிய, நீங்கள் ஒரு வரி வாசித்து அவள் ஒரு வரி வாசிக்க வேண்டும். பக்கத்தில் செல்போனில் பாட்டுப் போட்டு தறிச் சத்தத்தை மறைக்காதீர்கள். அது சத்தத்தின் மேல் சத்தம்.

தூக்கத்தையும் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரவுச் சாப்பாடு 10 மணிக்கு, எழுவது 6 மணிக்கு என்றால் எட்டைத் தாண்டாது. ஒரே நாளில் 9 மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டு கிடப்பாள். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பதரைக்கு வரும் அம்மாவுக்காகப் பிள்ளைகள் விழித்திருக்கும் வீடுகளுக்கும் இதே பதில்தான். அம்மாவைப் பார்ப்பதைக் காலை அரை மணிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பேரன், பேத்தி ரெண்டு பேரும் எங்கிட்டத்தான் வளர்றாங்க. பள்ளிக்கூடத்துல வாரா வாரம் இரும்புச்சத்து மாத்திரை தர்றாங்க. அது தின்னா வெளிக்கிக் கறுப்பாப் போகுதுன்னு பேத்தி துப்பிடறா. கீரை குடுத்தாப் போதாதா? ரத்தத்துக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்? (ஓர் அமுச்சி, காங்கேயம்)

கறுப்பாகப் போவது சாப்பிட்டதில் மிஞ்சிய இரும்பு. கெடுதல் இல்லை. அதைப் பேத்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டும்.

மூளையில் நரம்புக்கு உறை போடவும், கவனத்தைப் பிடித்து வைக்கும் ரசாயனங்களைச் செய்யவும் இரும்பு வேண்டும். முகம் வெளிறும் முன்பே கவனம் சிதற ஆரம்பித்துவிடும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கோஸ்டா ரிக்கா நாட்டில் கைக்குழந்தையில் கடுமையான இரும்புக் குறைவு இருந்தவர்களை 19 வயது வரை பெட்ஸி லோசோஃப் குழு தொடர்ந்து பார்த்தது. நடுத்தரக் குடும்பங்களில், அறிவுத்திறன் சோதனையில் மற்றவர்களோடு இருந்த இடைவெளி ஒரே அளவில் நின்றது. ஏழைக் குடும்பங்களில் வயது ஏற ஏற அது விரிந்துகொண்டே போனது. ஒரே நோய்தான். வீட்டில் மற்ற குறைகளும் சேர்ந்தால் தேறுவது கடினம்.

அளவு இது: 6 மாதம் முதல் 5 வயது வரை சிரப் 1 மில்லி, வாரம் இரண்டு முறை. 5 முதல் 9 வயது வரை இளஞ்சிவப்பு மாத்திரை, வாரம் ஒன்று, அதில் 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வரை நீல மாத்திரை, வாரம் ஒன்று, 60 மில்லிகிராம். அதிகம் கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று மொத்தமாக விழுங்க வைத்துவிடாதீர்கள். சிறு பிள்ளைக்கு இரும்பு மாத்திரை அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. பெட்டி கைக்கு எட்டாத பரணில் இருக்கட்டும்.

பாலோடு கொடுப்பதும் டீயோடு கொடுப்பதும் வழக்கமான பிழைகள். சாயங்காலம் டீயும் வர்க்கியும் நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் வழக்கமாகிவிட்டது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. முருங்கைக் கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். பொரியலை இறக்கியதும் அரை எலுமிச்சை பிழியுங்கள். கொள்ளை அப்படியே வேகவைப்பதைவிட முளைகட்டிக் கடைந்தால் நல்லது. கம்பங்கூழை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவைப்பது பழைய வழக்கம்; இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் சத்து அதில் உடைகிறது. கறி சாப்பிடும் வீடானால் வாரம் ஒரு நாள் ஈரல், பிள்ளைக்கு இரண்டு துண்டு. குடற்புழு இருந்தால் இத்தனையும் வீண். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிப்படியாக வந்த காலை உணவை, "வீட்ல இல்லாதவங்களுக்குத்தானே" என்று கௌரவம் பார்த்துச் சிலர் தவிர்க்கிறார்கள். காலையில் ஒரு டம்ளர் டீயோடு வரும் பிள்ளை பதினோரு மணிக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஒன்றும் ஏறாது. பேரப்பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கோபி பக்கம் கரும்பு போட்டிருக்கேன். கட்டிங் ஆர்டர் வர்ற வரைக்கும் மூணு மாசம் கடன்லதான் ஓட்டம். அந்த மூணு மாசம் புள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழறேன். போட்ட கணக்கே தப்பாகுது. இந்தப் பாதிப்பெல்லாம் புள்ளைங்களுக்கு மட்டுந்தானுங்களா? (ஒரு விவசாயி)

உங்களைப் போன்றவர்களை வைத்தே இதற்குப் பதில் கண்டிருக்கிறார்கள், அதுவும் நம் மாநிலத்தில். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு, வெட்டுக்கு முன் ஒருமுறையும் பணம் வந்தபின் ஒருமுறையும் வடிவப் புதிர்களும் கவனச் சோதனையும் வைத்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் 2013-ல் வெளியிட்டது. அதே ஆள், பணமுடை காலத்தில் கணிசமாகக் குறைவாகச் செய்தார். பாதிப்பின் அளவு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் தலையில் மற்றதற்கு இடம் குறைவு என்பதை உங்களுக்கு யாரும் புள்ளிவிவரம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையை இது அடைவது உங்கள் வழியாக. 1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் நொடித்தபோது ராண்ட் காங்கர், க்ளென் எல்டர் இருவரும் நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பார்த்தார்கள். காசு முடையால் பெற்றோர் மனம் சோர்கிறது, கணவன் மனைவிக்குள் சச்சரவு வருகிறது, பிள்ளையிடம் கடுமையாகிறார்கள், பிள்ளை கெடுகிறது. நடுவில் உள்ள கண்ணிகளில் எதை அறுத்தாலும் பிள்ளைக்குப் போகும் அடி குறைகிறது. அப்போது காசு நிலைமை அப்படியேதான் இருக்கும்.

பெரிய முடிவுகளைப் பணம் வந்த மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். வேன் கட்டணம், நோட்டு, செருப்பு என்று அடுத்த முடை மாதங்களில் வரும் செலவையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அதற்குரிய பணத்தைத் தனியாக அம்மிணியின் கணக்கில் போட்டுவிட்டால், அந்த மூன்று மாதம் அதைப் பற்றி யோசிக்கும் வேலை இல்லை. வீட்டுக்குள் வந்ததும் முதல் பத்து நிமிடம் பிள்ளைகளிடம் எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். மார்க் ஷீட்டில் கையெழுத்தும் அதற்கப்புறம்தான். ஏதாவது கேட்டால் "தொல்லை பண்ணாதே" என்பதற்குப் பதில், "இப்ப இல்லை, வெட்டு முடிஞ்சதும் வாங்கலாம்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொன்ன "இல்லை" பிள்ளைக்குக் கணக்கு. காரணம் சொல்லாத "இல்லை" வெறும் இடி.

கேள்வி: நடுமூளையை எழுப்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைக்கும் பயிற்சிக்கு 15,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சந்து வழியாகப் பிள்ளை பார்க்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தை நெற்றிக்கு நேராக உயர்த்திப் பிடித்துக் காட்டுங்கள், வாசிப்பு நின்றுவிடும். ஞாபகசக்தி கம்ப்யூட்டர் விளையாட்டுகள் மோசடி இல்லை. ஆனால் அவற்றில் கிடைக்கும் தேர்ச்சி பெரும்பாலும் அந்த விளையாட்டோடு நின்றுவிடுகிறது.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை போல மாதாமாதம் பணம் கிடைத்தாலே பிள்ளைகள் திறன் கூடிவிடாதா? (நாமக்கல்)

அமெரிக்காவில் ஏழைத் தாய்மார் 1,000 பேரில் ஒரு குழுவுக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும், பிள்ளை பிறந்ததிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வயதில் மூளை அலைகளில் வித்தியாசம் தெரிவதாகச் செய்தி பெரிதாக வந்தது. 4 வயதில் மொழி, கவனம், நடத்தை எதிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. அதற்காகப் பணம் வீண் என்று சொல்ல மாட்டோம். அரிசிக்கும் வாடகைக்கும் அது வேண்டும். பிள்ளையின் திறனுக்கு அது மட்டும் போதாது.

ஜமைக்காவில் 1986–87-ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், 2 ஆண்டு, சுகாதாரப் பணியாளர் போய், பிள்ளையோடு எப்படி விளையாடிப் பேசுவது என்று தாய்க்குச் செய்து காட்டினார். பொம்மைகளெல்லாம் வீணாகப்போன டப்பா, மூடிகளில் செய்தவை. 20 ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்ற குன்றிய பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். பால்மாவு மட்டும் பெற்ற குழுவில் அந்த அளவு பலன் நிலைக்கவில்லை. நம் அங்கன்வாடிகளில் சத்துமாவு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, விளையாட்டுதான் பல இடங்களில் அட்டவணையோடு நின்றுவிடுகிறது என்பது எங்கள் குறை.

கேள்வி: பையனுக்கு 14 முடிஞ்சுது. கையில் காசு நின்னதே இல்லை. இனித் திருத்த முடியுமா? (பொள்ளாச்சி)

முடியும். வாரச் செலவுக்கு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள், 70 ரூபாயோ 100 ரூபாயோ. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே நேரத்தில், முழுவதும் கையில் கொடுங்கள். பஸ் காசு இதில் சேராது, அது தனி. எதற்குச் செலவானது என்று கேட்காதீர்கள். முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிடும், இரண்டாவது வாரமும் அப்படியே. நாலைந்து வாரம் பொறுங்கள். இடையில் பரிதாபப்பட்டு அப்பாரு பத்து ரூபாய் கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. புதன்கிழமை கையை விரித்துக்கொண்டு வந்து நின்றால் திட்டவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.